வீடு தேடி வரும் மனநலச் சேவை: ஆறு ஆண்டு அனுபவம்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று உறுதியாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்து ஆண்டுகள் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அதன் பிறகு, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் சேவையில் இருக்கிறோம். மாதம் இருமுறை களப்பணியாளர் வருவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் வருவார்.

முதல் வருகையே சறுக்கியது. பக்கவாட்டில் 'மனநலச் சேவை' என்று பெரிதாக எழுதிய வேன் எங்கள் வாசலில் ஒரு மணி நேரம் நின்றது. அன்று மாலையே எதிர்வீட்டில் விசாரித்தார்கள். தம்பி பத்து நாள் வாசற்படி தாண்டவில்லை. நாங்கள் சொன்ன பிறகு இருசக்கர வாகனத்தில், கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் வரத் தொடங்கினார்கள். எப்படி வர வேண்டும் என்பதைச் சேவையை வடிவமைப்பவர்கள் முதல் நாளே, நோயாளியிடமே கேட்டிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, பேச்சு எந்த இடத்தில் நடக்கிறது என்பது. எங்கள் கூடத்தில் அம்மா அருகில் இருப்பார், "நல்லாத் தூங்குறீங்களா?" என்று தம்பியிடம் கேட்டால் அம்மாதான் பதில் சொல்வார். நான்காவது மாதம் களப்பணியாளர் அக்கா, "தம்பி, மாடிக்குப் போய்ப் பேசலாமா?" என்று அவனை அழைத்துச் சென்றார். மாத்திரையால் கை நடுங்குகிறது, சவரக்கத்தியைப் பிடிக்க முடியவில்லை என்று அவன் அங்கேதான் முதன்முறையாகச் சொன்னான். தாடி வளர்வதைச் சோம்பல் என்று நாங்கள் இரண்டு ஆண்டுகள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம். மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்தார். இரண்டு மாதத்தில் அவனே சவரம் செய்துகொண்டான். சிறிய வீடுகளில் மொட்டை மாடியோ, கோயில் திண்ணையோ, தெருமுனை வரை ஒரு நடையோகூடப் போதும். தனிமை மட்டும் கட்டாயம் வேண்டும்.

பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீட்டுக்குச் செல்வது பலன் தருமா என்று தமிழ்நாடு உள்ளிட்ட மூன்று இடங்களில், மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. மருத்துவமனைச் சிகிச்சையுடன் களப்பணியும் சேர்ந்தபோது அறிகுறிகளும் அன்றாட இயலாமையும் ஓரளவு குறைந்தன. 'ஓரளவு' என்பதே எங்கள் அனுபவமும். நோயால் அவன் காதில் கேட்கும் குரல்கள் முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் அவன் தனியாகக் கடைக்குப் போய் வருகிறான்.

நான்காம் ஆண்டில் மூன்று களப்பணியாளர்கள் மாறினார்கள். வந்த ஒவ்வொருவரும் "எப்போ ஆரம்பிச்சது?" என்றே தொடங்க, மூன்றாமவரிடம் அவன் வாய் திறக்கவேயில்லை. பழையவர் புதியவரை இரண்டு முறையாவது உடன் அழைத்து வந்து அறிமுகப்படுத்தியிருந்தால் அந்த ஆறு மாதம் வீணாகியிருக்காது.

இரவில் இந்தச் சேவை இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ இருமுறை அழைத்திருக்கிறேன். தமிழில் பொறுமையாகப் பேசினார்கள். அது தொலைபேசி ஆலோசனைதான் என்பதால், நெருக்கடியில் யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதைத் தம்பியின் கையெழுத்திலேயே எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், வீடு சார்ந்த மறுவாழ்வோடு குடும்பத்துக்கான ஆதரவையும் அரசு தர வேண்டிய சேவைகளில் சேர்த்திருக்கிறது. ஆறு ஆண்டுகளில் அம்மாவிடம் "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டவர் அந்த மாடி அக்கா ஒருவர்தான். அம்மாவுக்கென்று மாதம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கும்படி சென்ற மாதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.