கிருஷ்ணகிரியில் அக்கவுண்ட்ஸ் கத்துக்க நல்ல இடம்

பி.காம் முடிச்சு, கணக்கு எழுதுற சாஃப்ட்வேரான டேலியில சர்டிபிகேட்டும் வாங்கி வச்சிருக்கிற பிள்ளைங்க நம்ம ஊர்ல நிறைய. இன்டர்வியூல ஒரு கட்டு பில்லைக் கொடுத்து "என்ட்ரி போடும்மா"ன்னு சொன்னா பாதிப் பேருக்குக் கை ஓடாது. அந்தக் குறையைத் தீர்க்கிற இடம், ரவுண்டானா பக்கம் மாடியில நடக்கிற இந்தப் பயிற்சி வகுப்பு. இங்க படிச்சிட்டுத்தான் நான் மாங்கூழ் ஃபேக்டரியில கணக்கு பார்க்கிறேன்.

ஆரம்பத்துல சார் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டார். டெபிட், கிரெடிட் எல்லாம் நோட்டுலதான். கம்பெனிக் கணக்குல இருந்து ரிட்டயர் ஆனவர். பேரை அடிச்சிட்ட பழைய பில்லுங்க அவர்கிட்ட ஃபைல் ஃபைலா இருக்கு. ஒருநாள் ரெண்டு லாரி வாடகை பில்லை நீட்டினார். ஒண்ணு தோட்டத்துல இருந்து மாங்காய் ஏத்தி வந்தது, இன்னொண்ணு கூழ் டிரம் ஏத்திப் போனது. "ரெண்டுக்கும் ஒரே என்ட்ரியா தம்பி?"ன்னு கேட்டார். எல்லாரும் முழிச்சோம். மாங்காய் விளைபொருள், அதை ஏத்தின வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. கூழ் பதப்படுத்தின சரக்கு. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரி போடாம பில் கொடுத்தா, ரிவர்ஸ் சார்ஜ்ல, அதாவது சேவையை வாங்குறவங்களே வரி கட்டுற முறையில, கம்பெனியே 5 சதவீதம் கட்டிட்டு அப்புறம் இன்புட் எடுக்கணும், அதாவது கட்டினதை தன்னோட ஜிஎஸ்டி பாக்கியில கழிச்சுக்கணும். சீசன்ல எனக்கு தினமும் வர்ற பில்லே இதுதான்.

மாசக் கெடுவையும் பழக்கி விடுறார். 7-ம் தேதி டிடிஎஸ் (பிடிச்சு வச்ச வருமான வரி) கட்டணும், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20-ம் தேதி 3பி (வரி கட்டுற மாசக் கணக்கு). சப்ளையருங்க ஏத்தின பில்லை வச்சு ஜிஎஸ்டி போர்ட்டல் தர்ற 2பி பட்டியல் 14-ம் தேதி வந்ததும் பர்ச்சேஸோட ஒப்பிட்டு, எந்த சப்ளையர் பில்லை ஏத்தலைன்னு பட்டியல் எடுத்து, அவங்களுக்கு போன் போட்டுப் பேசுற வரைக்கும் சொல்லித் தர்றார். வேலையில பாதி இந்த போன்தான்!

குறையும் இருக்கு. பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளக் கணக்கை அவசரமா முடிச்சிடுறாங்க. ஓசூர் சிப்காட்ல வேலை தேடுறவங்களுக்கு அதுதான் முதல்ல வேணும். சாயங்கால பேட்ச்ல ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர் உட்காரணும், முடிஞ்சா காலை பேட்ச் கேளுங்க.

சிஏ ஆகணும்னு இருக்கிறவங்களுக்கு இது மாற்று இல்ல. முதல் நாளே சார் அதை வெளிப்படையாச் சொல்லிடுவார். ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் மூணையும் எழுதணும், ஆடிட்டர்கிட்ட வேலை பழகுற ஆர்ட்டிகிள்ஷிப் போகணும். 2023-ல அந்தக் காலத்தை 3 வருஷத்துல இருந்து 2 வருஷமாக் குறைச்சாங்க. அதுக்குப் போறவங்களும் இங்க வந்து கையைப் பழக்கிட்டுப் போனா ஆடிட்டர் ஆபீஸ்ல திணற மாட்டாங்க.

கட்டணத்தை ரெண்டு தவணையா வாங்கிக்கிறாங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்கவும் விடுறாங்க. பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் கேஷ் புக்கையும் வச்சு ஒத்துப் பார்க்கிற ரீகன்சிலியேஷன் நடத்துற நாளாக் கேட்டுப் போங்க.