மாமாவின் கணினி ஓன் ஆகவில்லை: வீடியோ கோலா, வெறும் கோலா, கடையா?

தூரத்தில் இருக்கும் உறவினரின் கணினியைச் சரிசெய்து கொடுப்பது என்றதும் எல்லாரும் எனிடெஸ்க், டீம்வியூவர் என்று, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள்களில்தான் தொடங்குவார்கள். அதை முதலிலேயே கழித்துவிடலாம். விண்டோஸ் ஓடி, இணையமும் வந்த பிறகுதான் அந்த மென்பொருள்களுக்கு வேலை. கணினியே ஓன் ஆகாதபோது அவை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன. அலுவலகங்களுக்கென்று வரும் சில கணினிகளில் விண்டோஸ் இல்லாமலே உள்ளே நுழைய வழி உண்டு. திருகோணமலை உவர்மலையில் மாமா வீட்டில் இருக்கும் பழைய அசெம்பிள் டெஸ்க்டொப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆக மிச்சம் மூன்று. வட்ஸ்அப் வீடியோ கோல். சாதாரண கோலும் கூடவே சில போட்டோக்களும். இல்லையென்றால் திருகோணமலை டவுனில் ஒரு கடை. நான் இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில். இடையில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கோட்டையில் இரவு ரயில் ஏறி, லீவும் போட்டு, கடைசியில் ஒரு வயரைச் செருகிவிட்டு வருவதை யாரும் யோசனையாக எடுக்க மாட்டார்கள். மூன்றையும் மாமாவோடு செய்து பார்த்தாயிற்று. நான் இரண்டாவது கட்சி.

வீடியோவின் நல்ல பக்கத்தைச் சொல்லத் தேவையில்லை, கண்ணால் பார்க்கலாம். பெட்டியின் பின்பக்கத்தில் எந்த வயர் எங்கே போகிறது என்று அறிய அது நல்லதுதான். ஆனால் அது மாமாவின் ஒரு கையைப் பிடுங்கிக்கொள்கிறது. போனைப் பிடிப்பதே அவருக்கு முழுநேர வேலையாகிவிடும். கல்யாண வீட்டு வீடியோக்காரர் மாதிரி, "தம்பி, இப்ப தெரியுதோ, இப்ப தெரியுதோ" என்று கேட்டுக்கொண்டே சுற்றுவார். எனக்குத் தெரிவது சீலிங் ஃபேன், பிறகு அவருடைய நாடி, பிறகு அசைந்து அசைந்து ஒரு கறுப்புப் பெட்டி. மொனிட்டரில் எழுத்து வந்தாலும் போன் கமரா அந்த வெளிச்சத்துக்குத் தடுமாறி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். அது தெளிவதற்குள் எழுத்து போய்விடும்.

இந்தக் கை விஷயத்தைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன், ஏனென்றால் ஓன் ஆகாத கணினியில் செய்ய வேண்டிய வேலை அநேகமாக எல்லாமே இரண்டு கை வேலை. பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் தொடக்க மென்பொருளுக்குள் போவதென்றால், பவர் பட்டனை அமத்தியதும் மறு கையால் டிலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்பக்க வயரை இழுக்கும்போது பெட்டி கூடவே வராமல் பிடிக்க வேண்டும். ராமை, அதாவது மதர்போர்ட் என்ற தாய்ப்பலகையில் செருகியிருக்கும் நினைவகப் பட்டையைக் கழற்றுவதென்றால் இரண்டு கிளிப்பையும் விலக்கி, இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்க வேண்டும். திரும்பப் போடும்போது இரண்டு பெருவிரலாலும் சமமாக அமத்தினால்தான் 'டக்' என்று உட்காரும். ஒரு கையில் போனோடு இதைச் செய்யச் சொன்னால் சாய்வாக அமத்திவிடுவார். அதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

சாதாரண கோலில் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடலாம். இரண்டு கையும் வீட்டுக்காரருக்கே. கண்ணும் அவருடையதே. பார்க்கும் வேலை அவர் தலையில் விழுந்ததும் மனுஷன் உண்மையாகவே பார்க்கத் தொடங்குகிறார். வீடியோவில் "நீதானே பார்க்கிறாய்" என்று விட்டுவிடுவார்.

கேள்விகளின் ஒழுங்குதான் முக்கியம். சுவர் சுவிட்ச், மல்டி பிளக், யூபிஎஸ், பெட்டியின் பின்னால் பவர் சப்ளையில் இருக்கும் சின்ன சுவிட்ச். இவை எல்லாருக்கும் தெரிந்தவை, விரைவாகக் கேட்டுவிட்டுத் தாண்டலாம். அடுத்து, பட்டனை அமத்தினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறதா? மொனிட்டர் லைட் என்ன நிறம்? கடைசியாக நான் கேட்பது கேப்ஸ் லொக். கீபோர்டில் அதைத் தட்டினால் லைட் பத்தி நூருகிறதா?

"லைட் மாறுது தம்பி" என்றால் பாதிக் கவலை போயிற்று. கணினி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை. மொனிட்டர் வயரைக் கழற்றிப் போடலாம். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் வயர் அதில் இல்லாமல் மதர்போர்ட்டில் செருகியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஃபேன் சுற்றியும் லைட் மாறவில்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது ராம். உவர்மலையில் இது இன்னும் பொருந்தும். கடற்காற்று வரட்டும் என்று யன்னலைத் திறந்தே வைத்திருக்கும் வீடு. ராமின் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படிவு ஏறிவிடும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடித்து, பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்ற வேண்டும். பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். மாமா இதை இப்போது என்னைக் கேட்காமலே செய்கிறார், ஓய்வுபெற்ற கிளார்க் என்பதால் சீஆர் கொப்பியில் திகதியும் போட்டுவிடுகிறார். "ஒண்டும் வருதில்லை, ராமும் துடைச்சுப் போட்டேன்" என்றுதான் பேச்சே தொடங்கும்.

போட்டோ எங்கே வருகிறது? எந்த வயரையும் தொடுவதற்கு முன் ஒன்று, திரும்பச் செருகுவதற்கு அதுதான் சாட்சி. மொனிட்டரில் எழுத்து வந்து நின்றால் இன்னொன்று. நின்ற எழுத்தை வீடியோவை விடப் போட்டோ தெளிவாகத் தரும், பெரிதாக்கிப் பார்க்கலாம், நாளைக்கும் போனில் இருக்கும். 'சீமோஸ் செக்சம் எரர்' என்று ஒரு வரி வந்து எஃப்1 விசைக்காகக் காத்திருந்தால், பெரும்பாலும் மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 பட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட், காசு மாதிரி வட்டம், மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். பீப் சத்தம் கேட்டால் அதை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்கிறேன். கோலில் கேட்டால் சத்தம் வெட்டுப்படுகிறது. எத்தனை பீப், நீளமா குறுகியதா என்பதன் அர்த்தம் பயோஸுக்குப் பயோஸ் மாறும், அதனால் மதர்போர்ட்டில் எழுதியிருக்கும் பெயரையும் ஒரு போட்டோ.

விண்டோஸ் சின்னம் வரை வந்து நின்றால் வேறு கதை. இரண்டு மூன்று தரம் தோற்றால் விண்டோஸே திருத்தும் திரையைக் காட்டும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்கத் திறவுகோல் கேட்கும். அதை வாயால் சொல்லி எழுதுவிக்கப் பார்க்காதீர்கள், எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

இனி கடை. ஃபேனே சுற்றவில்லை என்றால் நானும் கடைக்குத்தான் அனுப்புவேன். வேறு பவர் சப்ளையை மாட்டி ஐந்து நிமிடத்தில் பிழை எது என்று சொல்ல அவர்களால் முடியும், என்னால் முடியாது. பவர் சப்ளையைத் திறக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும்.

ஆனால் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிழை எதுவானாலும் "விண்டோஸ் அடிச்சுத் தாறன்" என்பார்கள், அதாவது பழையதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. மாமாவின் படங்கள், பேத்தியின் பிறந்தநாள், கோயில் கணக்கு எல்லாம் டெஸ்க்டொப்பில்தான் கிடக்கின்றன. விண்டோஸ் அடித்தால் அந்த இடம்தான் முதலில் போகும். அதனால் கரண்ட் பிழைக்குக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்கிறேன். இரண்டு வயர், சில ஸ்குரூ. பவர் சப்ளை மாற்ற அது தேவையில்லை. கடைக்காரர் கேட்டால், "மருமகன் வச்சிருக்கச் சொன்னவர்" என்று என் தலையில் போடலாம்.

மடிக்கணினிக்கு இதெல்லாம் எவ்வளவு தூரம் சரிவரும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சார்ஜரை மாற்றிப் பார்ப்பது, பவர் பட்டனை நீண்ட நேரம் அமத்துவது, இவ்வளவுதான் போனில் செய்வித்திருக்கிறேன். அடிப்பலகையைத் திறக்கச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

கோல் கட்சியில் நான் இருந்தாலும் குச்சவெளியில் இருக்கும் சின்னம்மாவுக்கு வீடியோதான். அவருக்கு வயர்களின் பெயரும் தெரியாது, குனிந்து பார்க்க முழங்காலும் விடாது. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூப்பிடுவார். சின்னம்மா கதிரையில் இருந்து போனைப் பிடிப்பார், பையன் மேசைக்கடியில் போவான். இரண்டு பேர் இருந்தால் கை பற்றிய என் வாதமெல்லாம் செல்லாது.