இனிப்பு நீர் உள்ள பூனையை யார் பொறுப்பில் விட்டுப் போவது?

சுங்கை சிப்புட்டில் பூனைக்குத் தீனி போட ஆள் தேடுவது பெரிய பாடு இல்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எந்தக் கதவைத் தட்டினாலும் "விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். பூனைக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் கூட்டம் கலையும்.

வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போக வேண்டி வந்தபோது, எங்கள் வீட்டுப் பூனை கறுப்பனுக்காக நான் எடைபோட்டுப் பார்த்த வழிகள் நான்கு. தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொள்ளும் அத்தை, ஊசியைத் தொட்டே அறியாத பக்கத்து வீட்டு அக்கா, ஈப்போவில் பூனை விடுதி, அதே ஈப்போவில் கால்நடை மருத்துவரின் கிளினிக். பூனையையும் கூடவே கூட்டிப்போவது ஐந்தாவது வழி என்று சிலர் சொல்வார்கள். கார் பயணம், பழகாத வீடு, கல்யாண இரைச்சல் எல்லாம் சேர்ந்தால் பூனை சாப்பிடாது. சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவில் இன்சுலின் போடவும் கூடாது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அத்தையைத்தான் எல்லோரும் முதலில் கைகாட்டினார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் கூடுதல். அதனால் ஊசி பழகிய கை ஒன்று நம் உறவுக்குள் எப்படியும் இருக்கும். அத்தைக்குக் கை நடுங்காது, சர்க்கரை இறங்கினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதும் தெரியும். என் கணக்கில் அவருடைய சிக்கலே அந்தத் தெரிதல்தான்.

கேனின்சுலின், புரோசிங்க் போன்ற விலங்கு மருந்துகள் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு செறிவு கொண்டவை. மனிதர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் பெரும்பாலும் 100 அலகு. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40 அலகு மருந்தை 100க்கான சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.8 அலகுதான், பூனைக்கு மருந்து போதாது. மனித இன்சுலினை விலங்கு சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 5 அலகு. ஒன்றிரண்டு அலகில் ஓடிக்கொண்டிருக்கும் பூனைக்கு அது உயிர்போகும் விஷயம். சிரிஞ்சு கீழே விழுந்துவிட்டால் அத்தை தன் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வருவார், அதுவும் அன்பினால். "இன்று நிறையச் சாப்பிட்டான், அதனால் ஒன்று கூட்டிப் போட்டேன்" என்பதும் அவர் வாயிலிருந்து வரக்கூடிய சொல்தான். தன் குளுக்கோமீட்டரில் பூனையின் இரத்தத்தையும் பார்த்துவிடுவார். மனிதருக்கான கருவி பூனை இரத்தத்தில் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பயந்த பூனைக்கோ சர்க்கரை தானாகவே ஏறும். அந்த எண்ணை வைத்து அளவை மாற்றுவது இருட்டில் கல்லெறிவதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுப்பதற்கு) எழுந்த பழக்கம் இன்னும் விடவில்லை. முதல் ஊசிக்கான காலை ஆறரை அவருக்குப் பாதிப் பகல். மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் எதையும் தானாக மாற்ற மாட்டார், சந்தேகம் வந்தால் கேட்பார். ஊசி குத்தியதா இல்லையா என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே சொல்வார். இந்த வேலைக்கு நான் தேடியது இந்த இரண்டைத்தான்: நேரம் தவறாமை, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் நேர்மை. ஊசி போடுவதைக் கற்றுக்கொடுத்துவிடலாம், இவற்றை முடியாது.

விடுதிக்கு வருவோம். குளிர்சாதன அறை, கேமரா, தினமும் படங்கள். ஆரோக்கியமான பூனைக்கு அது போதும். நான் கேட்டது ஒரே கேள்விதான்: இரவு பத்து மணிக்கு அங்கே யார் இருப்பார்? இன்சுலின் போட்ட சில மணி நேரம் கழித்துத்தான் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். மாலை ஆறரைக்குப் போட்ட ஊசிக்குப் பத்து, பதினொரு மணி வாக்கில்தான் கண் வேண்டும். அந்த நேரத்தில் பணியாளர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சர்க்கரை இறங்கிப் பூனை தள்ளாடி விழுவதைக் கேமரா படம்பிடிக்கும்; சர்க்கரையை ஏற்ற ஈறில் தேன் தடவாது. அக்காவோ செருப்பை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்து ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போவார்.

கிளினிக்கை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நோய் இப்போதுதான் கண்டறியப்பட்டிருந்தால், மருந்தளவு இன்னும் நிலைப்படாமல் இருந்தால், சில நாட்களாக வாந்தியோ சாப்பாட்டு மறுப்போ இருந்தால், வீட்டில் யார் பார்த்தாலும் போதாது, கிளினிக்தான். கறுப்பன் போல ஒரே அளவில் மாதக்கணக்கில் நிலையாக இருக்கும் பூனைக்கு அங்கே இலாபத்தைவிட இழப்பு அதிகம். பக்கத்துக் கூண்டில் நாய் குரைத்தாலே சர்க்கரை ஏறும், தீனி இறங்காது. இரவில் ஆள் தங்காத கிளினிக்குகளும் உண்டு. இடம் பதிவு செய்யுமுன் அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஊசியே இல்லாத வழியை இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2022இல் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023இல் நாளுக்கு ஒருமுறை வாய்வழி தரும் வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. இன்சுலின் போட்டுப் பழகிய பூனைக்கு அவை உரியவை அல்ல என்று அந்நாட்டில் மருந்தோடு வரும் விளக்கத் தாளிலேயே எச்சரிக்கை உண்டு. பயணத்துக்காக மருந்தை மாற்றும் யோசனையே வேண்டாம்.

ஆகவே அக்கா. அவரைத் தயார்செய்ததில் ஊசிக்குச் செலவான நேரம் குறைவு. வெறும் தண்ணீரை இழுத்து ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார். பிறகு கறுப்பன் தட்டில் முகம் புதைத்திருக்கும்போது விலாப்பக்கத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசி போட்டார். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன், அதுதான் கடினம். போட்ட பின் ரோமத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் இரண்டாவது ஊசி கிடையாது. ஒரு வேளை விட்டுப்போனால் சமாளிக்கலாம், இரட்டிப்பாகப் போனால் சமாளிப்பது கடினம். மருந்து இழுத்த சிரிஞ்சைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். போடுமுன் கோட்டை நானும் பார்த்துவிடலாம்.

அதிக நேரம் எடுத்தது தீனிப் பேச்சு. மீன் குழம்பில் பிசைந்த சோறு நம் வீடுகளில் பூனைக்கு மரியாதை. மாவுச்சத்துக் குறைந்த டின் உணவையே தின்று நிலைப்பட்ட பூனைக்கு அந்தச் சோறு ஒரே நாளில் கணக்கைக் குலைத்துவிடும். பின்வீட்டு மாக் சிக்கிடமும் (மலாய்க்கார அம்மாவிடமும்) தனியாகப் போய்ச் சொன்னேன், ஏனென்றால் அவர் சன்னல் வழியாகவே கருணை காட்டுகிறவர். நான் திரும்பும்வரை பூனை வெளியே போகக் கூடாது என்றும் முடிவு. தீபாவளி சமயமானால் இது கட்டாயம். வெடிச்சத்தத்தில் ஓடி ஒளிந்த பூனையை ஆறரைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது இடி. பெரிய மின்னல் வெட்டினால் எங்கள் வீட்டில் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். ஆளில்லாத வீட்டில் குளிர்பெட்டி இரவு முழுக்க அணைந்து கிடக்கும். இன்சுலினோ 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய பொருள், உறையவும் கூடாது. மருந்தைப் பூனை வீட்டில் வைக்காமல் அக்கா வீட்டுக் குளிர்பெட்டிக்கே மாற்றினோம். தீர்ந்தது.

சுவரில் ஒட்டிய தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியது கொஞ்சம்தான். சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது என்றால் ஊசி போடாமல் முதலில் அழைக்கவும். தள்ளாட்டம், நடுக்கம், அளவுக்கு மீறிய பசி, கூப்பிட்டால் திரும்பாமை தெரிந்தால் ஈறில் தேன் தடவவும். வலிப்பு வந்தால் வாய்க்குள் ஊற்ற வேண்டாம். தேறினாலும் மருத்துவரிடம் போகவும். அக்காவிடம் கார் இல்லை. இரவு பத்துக்கு மேல் இங்கிருந்து ஈப்போவுக்கு வண்டி பிடிப்பதும் நிச்சயமில்லை. அதனால் அடுத்த தெருத் தம்பியின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணையும் அதே தாளில் எழுதி, பூனைக் கூடையைக் கதவோரம் வைத்தேன். காசு வாங்க அக்கா மறுத்தார். நான் விடவில்லை, உதவி என்றால் ஒருநாள் தாமதத்துக்கு இடமுண்டு, கூலி என்றால் இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தைக்கும் வேலை உண்டு. சர்க்கரை இறங்கிய பூனை எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு விவரிக்க என்னைவிட அவர் பொருத்தம். தன் உடம்பில் பார்த்தவர். அதற்கு மட்டும் அழைத்தேன். அவருடைய சிரிஞ்சுகள் அவர் வீட்டிலேயே இருந்தன.

திரும்பி வரும் நாள்தான் இரட்டை ஊசிக்கு அதிக வாய்ப்புள்ள நாள். நாம் ஆறேகாலுக்கு வந்து சேர்வோம், அக்கா ஆறு மணிக்கே போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பார், பூனையோ பசித்ததுபோல் கத்தும். சிரிஞ்சை எடுக்குமுன், போட்ட ஊசியை அக்கா எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். அன்று மாலைக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், அக்காவை அழைத்துக் கேட்கும்வரை ஊசி போடக் கூடாது.