ஹசார்டஸ் லைசென்சுக்கு மூன்று நாள் வகுப்பு: போய் உட்கார்ந்தவன் சொல்கிறேன்

உச்சிப்புளி என் ஊர். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று 14 வருடமாக ஐஸும் மீனும் ஏற்றி வண்டி ஓட்டுகிறேன். போன வருடம் ஐஸ் பிளாண்ட் முதலாளி ஒருவர், தூத்துக்குடியிலிருந்து, ஐஸ் உறைய வைக்கும் இயந்திரத்துக்கான அமோனியா வாயு சிலிண்டர் ஏற்றி வரும் லாரிக்கு என்னைக் கூப்பிட்டார். சம்பளம் கூடுதல். ஆனால் ஹெவி லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது, ஆபத்தான சரக்கு ஏற்ற அதில் தனியாகப் பதிந்து வாங்க வேண்டும், அதற்கு 3 நாள் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி இது.

கூட வண்டி ஓட்டும் ஒருவர், "மாப்ள, மூணு நாள் வேலையைக் கெடுத்துக்காதே. போட்டோவும் லைசென்ஸ் ஜெராக்ஸும் குடு, சான்றிதழ் கைக்கு வந்துரும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு பிளாண்டில் ஐஸ் ஏற்றக் காத்திருந்தபோது வால்வில் கசிந்து அமோனியா பரவியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஷெட்டுக்குப் பின்னால் ஓடினோம். காற்றும் அந்தப் பக்கம்தான் அடித்தது. என்னோடு ஓடிய லோடுமேன் அண்ணனுக்கு ஒரு வாரம் கண்ணைத் திறக்க முடியவில்லை. அதனால் ராமநாதபுரத்தில் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் நடக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். மதியச் சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம், பணத்துக்கு ரசீதும் கொடுத்தார்கள்.

முதல் நாள் முழுக்கச் சட்டம். கேட்கக் கொஞ்சம் களைப்புதான். இருந்தாலும் சரக்கை அனுப்புபவர், லாரி முதலாளி, ஓட்டுநர் மூன்று பேருக்கும் தனித்தனிப் பொறுப்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சரக்கு ஏற்றிய வண்டியை டீக்கடையில் அனாதையாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஓட்டுநரோ, 18 வயது தாண்டிய விவரம் தெரிந்த இன்னொருவரோ பார்வையில் வைத்திருக்க வேண்டும். வண்டியில் மாட்டும் அவசரத் தகவல் பலகையில் ஆபத்தைக் காட்டும் படம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாத சதுரம், சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்து. வகுப்பெடுத்த சாரே ஸ்கேலை வைத்து அளந்து காட்டினார். என் முதலாளி வண்டியில் இருந்த பலகை அதில் பாதிகூட இல்லை. திரும்பி வந்ததும் சொல்லி மாற்ற வைத்தேன்.

இந்த லைசென்சுக்கு ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒன்பதாவது வரைதான். அது பெரிய பயமாக இருந்தது. சார் அதைப் புரிந்துகொண்டு, வண்டியில் வைக்கும் ட்ரெம் கார்டில், அதாவது விபத்தானால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டையில், வரும் வார்த்தைகளை மட்டும் எடுத்து மாலை ஒரு மணி நேரம் எழுத வைத்தார். டாக்ஸிக் என்றால் விஷம், கரோசிவ் என்றால் அரிக்கும், ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்கும். ஆபத்தான சரக்கை அடையாளம் காட்ட ஐ.நா. எண் என்று ஒன்று உண்டு. அமோனியாவுக்கு 1005, பெட்ரோலுக்கு 1203. இப்போது எதிரே வரும் டேங்கரின் எண்ணைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம்.

இரண்டாம் நாள் சார் ஒரு கேள்வி கேட்டார்: "கசிவு ஆகிவிட்டது, எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" கடற்கரைக்காரர்கள் எல்லோரும் உடனே காற்றின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தோம். கச்சான் என்றால் இந்தப் பக்கம், வாடை என்றால் அந்தப் பக்கம் என்று. அவர் அதையே பிடித்துக்கொண்டார். முதலில் காற்றுக்குக் குறுக்காக விலகு, அப்புறம் காற்று வருகிற பக்கம் போ என்றார். அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று நம்பிவிடக் கூடாதாம். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது. திரவமாகக் கசிந்தால் குளிர்ந்த வெள்ளைப் புகையாகத் தரையோடு தவழும். ஈரக்காற்றில் இன்னும் தணிந்து நிற்கும். புகை மேல் தண்ணீரைத் தூறலாக அடிக்கலாம், தேங்கிய திரவத்தின் மேல் அடித்தால் வேகமாகக் கொதித்துப் புகை கூடிவிடும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அன்றைக்கு அந்த லோடுமேன் அண்ணனுக்கு நாங்கள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட்டோம். இதை எழுதும்போதும் வருத்தமாக இருக்கிறது.

சமையல் கேஸ் இதற்கு நேர் எதிர், காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய் உட்காரும். 2012 ஆகஸ்டில் கண்ணூர் பக்கம் சாலாவில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து 20 பேர் இறந்ததைச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

மூன்றாம் நாள் செய்முறையில்தான் எனக்குக் குறை. 22 பேருக்கு ஒரே ஒரு முகமூடி. தீயணைப்பானை நாலு பேர்தான் கையில் பிடித்தோம், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாம்பன் பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. புது ரயில் பாலத்தைப் பார்க்க நடுப்பாலத்திலேயே காரை நிறுத்துகிறார்கள். பக்கக் காற்றும் அடிக்கும் அந்த இடத்தில் சிலிண்டர் லாரியை எப்படிக் கொண்டுபோவது என்று சொல்லியிருக்க வேண்டும். உப்புக்காற்றில் வால்வு துருப்பிடிப்பதையும் நானே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தேர்வு எழுதி, சான்றிதழோடு ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிந்தாயிற்று. முன்பு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2019 திருத்தத்துக்குப் பிறகு 3 வருடம் செல்லும். புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி போதும்.

போன மாதம் லோடு ஏற்றும் இடத்தில் இரண்டு சிலிண்டருக்கு வால்வு மூடி இல்லை. "சாயல்குடி வரைக்கும் ரோடு நல்லாத்தானே இருக்கு, போ அண்ணே" என்றார்கள். இறக்கி வைத்துவிட்டு, மூடி வந்த பிறகுதான் கிளம்பினேன். கீழக்கரை வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

மறுபயிற்சிக்கும் அதே இடத்துக்குத்தான் போவேன். அதற்குள் இன்னும் நாலு முகமூடியாவது வாங்கி வைக்கச் சொல்லி சாரிடம் நேரில் கேட்டிருக்கிறேன்.