‘வலது’ என்று ஒட்டி இடதை விற்றார்கள்: அம்புக்கு இறகு ஒட்டும் ஜிக் வாங்குவோர் கவனத்திற்கு

கடந்த ஜூன் மாதத்தில் அம்புக்கு இறகு ஒட்டும் ஜிக் ஒன்றை இணையத்தில் வாங்கி, 4,850 ரூபாயையும் ஒரு டஜன் அம்புகளின் இறகுகளையும் இழந்தேன். விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இத்தகையவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வந்துவிடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆகவே ஆளை விட்டுவிட்டுப் பொருளை அடையாளம் காட்டுகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தக்கலையை அடுத்த ஒரு சிறு மைதானத்தில் இரண்டு ஆண்டுகளாக வில்வித்தை பயின்று வருகிறாள். மூங்கில் வில்லைக் கொண்டு 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்யும் இந்தியன் ரவுண்டு பிரிவுதான் அவளுடையது. அவளுடைய அம்புகள் மரத் தண்டில் வான்கோழி இறகு ஒட்டியவை. அதுவரை எல்லாப் பிள்ளைகளின் அம்புகளுக்கும் பயிற்சியாளரே பிட்சன்பர்கர் என்னும் நிறுவனத்தின் பழைய ஜிக் ஒன்றில் இறகு ஒட்டிக் கொடுத்து வந்தார். அந்தக் கருவி ஒரு நேரத்தில் ஓர் இறகைத்தான் ஒட்டும். அவர் பயன்படுத்தும் பசைக்கு ஒவ்வோர் இறகும் கால் மணி நேரம் பிடியில் இருந்தாக வேண்டும். ஓர் அம்பு முடிய முக்கால் மணி நேரம் ஆகும் என்றால், பதினான்கு பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது நம் முறை எப்போது வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள்களே இருந்த நிலையில், நாமே ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நாகர்கோவிலில் விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகள் நான்கில் ஏறி இறங்கினேன். கிரிக்கெட் மட்டையும் கேரம் பலகையும் குவிந்து கிடந்த அந்தக் கடைகளில், ஜிக் என்று நான் சொன்னபோது தூண்டில் சாமான் கேட்கிறேன் என்று எண்ணியவர்களே அதிகம். வேறு வழியின்றி இணையத்துக்குப் போனேன்.

கருவியை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. அம்பின் அடியில் நாண் ஏறும் பிளவுக்கு நாக் என்று பெயர். அந்த நாக்கை ஜிக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள இருக்கையில் பொருத்தித் தண்டை நிறுத்துவார்கள். இறகை கிளாம்ப் என்னும் நீண்ட இடுக்கியில் கவ்வவைத்து, இறகின் அடித்தண்டில் மெல்லிய கோடாகப் பசை தடவி, கிளாம்பை ஜிக்கில் உள்ள காந்தத்தின் மீது சாய்த்தால் இறகு தண்டின் மேல் சரியாகப் படியும். காய்ந்த பிறகு கிளாம்பைத் திறந்து, அடியில் உள்ள திருகைத் திருப்பினால், தண்டு 120 பாகை சுழன்று ‘டக்’ என்று நிற்கும். அடுத்த இறகு, மீண்டும் ஒரு திருப்பு, மூன்றாவது இறகு. ஆக, இருக்கை நாக்கை ஆடாமல் பிடிப்பது, திருகு சரியான கோணத்தில் நிற்பது, கிளாம்ப் இறகின் இயல்பான வளைவோடு ஒத்துப்போவது என்னும் இந்த மூன்றில்தான் ஜிக்கின் தரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வண்ணப் பூச்சு, எடை, பெட்டியின் அழகு ஆகிய எதுவும் அம்பைப் பறக்க வைப்பதில்லை. நான் பார்த்து மயங்கியது, வருத்தத்தோடு சொல்கிறேன், அந்தப் பூச்சையும் எடையையும் பெட்டியையும்தான்.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “எங்களிடம் இருப்பது வலச்சிறகு இறகுகள், இந்த கிளாம்ப் பொருந்துமா?” அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “எல்லா இறகுக்கும் பொருந்தும் சார்.” அந்தப் பதிலைப் படித்த உடனேயே நான் விலகியிருக்க வேண்டும். பறவையின் வலச்சிறகிலிருந்து எடுத்த இறகு ஒரு பக்கமும் இடச்சிறகிலிருந்து எடுத்தது மறுபக்கமுமாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் அம்பைச் சுழலச் செய்கிறது. ஓர் அம்பில் இரண்டையும் கலக்கக் கூடாது. முறுக்கிய கிளாம்பில் வலது, இடது என்று இரு வகை உண்டு. வலச்சிறகு இறகுக்கு வலமுறுக்கு, இடச்சிறகு இறகுக்கு இடமுறுக்கு. முறுக்கே இல்லாத நேர் கிளாம்ப் மட்டுமே இரண்டுக்கும் பயன்படும். முறுக்கிய கிளாம்பைக் காட்டி, எல்லா இறகுக்கும் பொருந்தும் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்கும் பொருளை அவரே ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை என்று பொருள்.

பொருள் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. பெயர்பெற்ற அமெரிக்கக் கருவி ஒன்றைப் பார்த்துச் செய்த நகல் என்பது கையில் எடுத்தபோதே தெரிந்தது. ஆனால் விலை அசலைவிடக் குறைவு என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியின் மீது இறக்குமதி செய்தவரின் பெயரோ முகவரியோ இல்லை, எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற குறிப்பு இல்லை, அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிடப்படவில்லை. கிளாம்பின் பக்கவாட்டில் வலது என்பதைக் குறிக்கும் ஆங்கில ‘ஆர்’ எழுத்து ஒரு சிறிய வெள்ளி ஸ்டிக்கரில் ஒட்டப்பட்டிருந்தது. பொறிக்கப்பட்ட எழுத்தாக இல்லாமல் ஏன் ஸ்டிக்கராக இருக்கிறது என்று என் மகள்தான் கேட்டாள். “அங்க அப்படித்தான் ஒட்டுவாங்கம்மா” என்று நான் சமாளித்தேன்.

இரண்டு இரவுகளில் பன்னிரண்டு அம்புகளுக்கு முப்பத்தாறு இறகுகள் ஒட்டினேன். பல இறகுகளின் முன்நுனியும் பின்நுனியும் தண்டில் படியாமல் ஒரு நூலிழை உயர்ந்தே நின்றன. பசையைக் கூடுதலாக வைத்து விரலால் அழுத்திச் சரிசெய்தேன். மறுநாள் மைதானத்தில் 30 மீட்டரில் எய்தபோது, அம்பு விட்ட இடத்திலிருந்தே வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று. வழக்கமாகச் சிவப்பு வட்டத்துக்குள் சேரும் அம்புகள் கறுப்பிலும் வெள்ளையிலும் சிதறின; இரண்டு அம்புகள் இலக்குப் பலகையையே தாண்டிப் போயின. பயிற்சியாளர் ஓர் அம்பை வாங்கி, அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, “சாரே, இதுக்க மூணு எறகும் மூணு பக்கம் பாக்குது” என்றார். வீட்டில் மூன்று இறக்கை உள்ள மின்விசிறியில் ஓர் இறக்கை மட்டும் பக்கத்து இறக்கையை நெருங்கி நின்றால் அது எப்படி ஆடும் என்று எண்ணிப் பாருங்கள்; அம்பின் கதையும் அதுதான்.

விற்பனையாளருக்கு எழுதினேன். எங்கள் ஊரின் ஈரப்பதத்தால் பசை சரியாகப் பிடிக்காமல் போயிருக்கும் என்றும் கருவியில் குறை இருக்க வாய்ப்பில்லை என்றும் பதில் வந்தது. தென்மேற்குப் பருவமழை தக்கலையில் கொட்டுகிற மாதம் அது என்பது உண்மை. ‘சூப்பர் குளூ’ போன்ற சயனோஅக்ரிலேட் வகைப் பசை காற்றின் ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது, ஈரம் மிகுந்தால் ஓரத்தில் வெண்படலம் பூக்கும் என்பதும் உண்மையே. ஆனால் ஈரம் பசையைப் பாதிக்குமே அன்றி, 120 பாகையை 132 ஆக்காது. அதை நிறுவுவதற்காக நான் செய்த சோதனையை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் செலவே இல்லாத இந்தச் சோதனையை இறகு ஒட்டுவதற்கு முன்பே செய்திருந்தால் முப்பத்தாறு இறகுகளும் மிஞ்சியிருக்கும்.

இறகு ஒட்டாத தண்டு ஒன்றை ஜிக்கில் நிறுத்தினேன். கிளாம்பில் இறகுக்குப் பதிலாகக் கூர்மையாகச் சீவிய பென்சில் முனையைக் கவ்வவைத்து, தண்டின் மீது ஒரு புள்ளி வைத்தேன். திருகைத் திருப்பி அடுத்த புள்ளி, மறுபடி திருப்பி மூன்றாவது. பிறகு மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைத் தண்டைச் சுற்றி இறுக்கி, மூன்று புள்ளிகளையும் அதில் குறித்து, பட்டையை விரித்து அளந்தேன். தண்டின் சுற்றளவு 24.8 மில்லிமீட்டர். புள்ளிகளுக்கிடையே ஒவ்வோர் இடைவெளியும் ஏறத்தாழ 8.3 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். இருந்தவை 7.5, 8.2, 9.1. பாகையில் சொன்னால் 109, 119, 132. ஒரு முறை கை பிசகியிருக்கலாம் என்று ஐந்து முறை செய்தேன்; ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அதே பிழைதான் வந்தது. அதாவது பிழை என் கையில் இல்லை, திருகுக்குள் வெட்டிய பல்லில் இருந்தது. வடசேரியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று காட்டினேன். பட்டறை அண்ணாச்சி திருகைக் கழற்றி, உள்ளே இருந்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பள்ளங்களை எந்திரத்தில் பிரித்து வெட்டவில்லை, கண்ணளவில் அரத்தால் ராவியிருக்கிறார்கள் என்றார். நாக் இருக்கையும் தளர்வாகவே இருந்தது. தண்டை விரலால் தள்ளினால் இப்படியும் அப்படியும் ஆடியது.

இன்னும் பெரிய அதிர்ச்சி அதன் பிறகுதான். கிளாம்பில் ஒட்டிக் காய்ந்திருந்த பசையை அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். ‘ஆர்’ எழுத்து ஸ்டிக்கர் ஓரத்தில் சுருண்டு, மெல்லக் கழன்று வந்தது. அடியில், உலோகத்திலேயே ஆழமாகப் பொறிக்கப்பட்ட ‘எல்’ என்ற எழுத்து இருந்தது. இடமுறுக்கு கிளாம்பின் மேல் வலது என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். இறகுகளின் நுனிகள் ஏன் தண்டில் படியாமல் முரண்டு பிடித்தன என்பது அப்போதுதான் விளங்கியது. வலப்பக்கம் வளைய விரும்பிய இறகை நான் இரண்டு இரவுகள் இடப்பக்கம் வளைத்துப் பசையால் கட்டிப்போட்டிருக்கிறேன். திருகின் பிழையைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். ஸ்டிக்கர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

படங்களையும் காணொளியையும் அனுப்பியபோது, பொருள் பயன்படுத்தப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார்கள். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 இதைத் தெளிவாகவே சொல்கின்றன: குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்த பிறகு, முதலில் 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். மறுத்த பின் ஜிக்கின் விலையில் பாதியைத் தருவதாக இறங்கி வந்தார்கள். அதையும் ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும். பெட்டியையும் ரசீதையும் ஸ்டிக்கரையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, அதுவே அவர்களுக்கு இன்று வாய்த்திருக்கும் ஒரே பிடி.

வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், முதலில் தங்களிடம் உள்ள இறகு எந்தச் சிறகினது என்பதைப் பயிற்சியாளரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் நேர் கிளாம்பே பாதுகாப்பானது. அதைச் சிறிது சாய்த்து வைத்தாலே அம்பு சுழலும். பிள்ளையின் அம்பில் உள்ள அதே நாக்கைக் கொண்டு இருக்கையைச் சோதியுங்கள், ஏனெனில் எல்லா நாக்கும் எல்லா இருக்கையிலும் இறுக்கமாக உட்காருவதில்லை. மூன்று இறகையும் ஒரே நேரத்தில் ஒட்டும் அரிசோனா வகை பிளாஸ்டிக் ஜிக்குகள் வேகமானவை, திருகே இல்லாததால் திருகுப் பிழையும் இல்லாதவை; ஆனால் முறுக்கு அவற்றில் முன்பே முடிவாகிவிட்டது, இறகின் நீளத்துக்கும் தண்டின் தடிமனுக்கும் வரம்பு உண்டு என்பதால் அளவைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பல பிள்ளைகள் பயிலும் களமாக இருந்தால், நாலைந்து பெற்றோர் சேர்ந்து நல்ல உலோக ஜிக் ஒன்றை வாங்கிக் களத்திலேயே வைத்துவிடுவது எனக்கு இப்போது அறிவுடைமையாகத் தெரிகிறது. நாங்கள் அதற்குத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மகள் அந்தப் போட்டியில் தோழி ஒருத்தியின் அம்புகளை இரவல் வாங்கி எய்தாள். அவற்றின் நீளம் அவளுக்குச் சற்றுக் கூடுதல். வந்த புள்ளிகளைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்தாறு இறகுகளையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்தபோது எட்டுத் தண்டுகளில் வார்னிஷ் உரிந்துவிட்டது. அவற்றுக்கு மறுபூச்சுப் பூசி வீட்டுத் திண்ணையில் நிறுத்தியிருக்கிறேன். இந்த மழையில் அவை காய நாளாகும்.

நேற்றிரவு தேடியபோது அதே ஜிக் வேறொரு விற்பனையாளர் பெயரில் 4,550 ரூபாய்க்குக் கிடைத்தது. படம் நான் பார்த்த அதே படம். பெரிதாக்கிப் பாருங்கள்: கிளாம்பின் பக்கவாட்டில் அந்த வெள்ளி ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது.