முத்திப்போன தலை, கழுத்து கேன்சருக்கு எந்த ரேடியேஷன்: 4 சிட்டிங்கா, 5ஆ, 16ஆ?

வாய், நாக்கு, தொண்டைல வந்த கேன்சர் இனி முழுசா குணமாகாதுன்னு டாக்டர் சொன்னதும் சில வீட்ல ரேடியேஷனே வேண்டாம்னு விட்டுடறாங்க, சில வீட்ல 7 வாரம், 35 சிட்டிங், 70 கிரேன்னு முழு கோர்ஸே கொடுங்கன்னு நிக்கிறாங்க (ஒரு தடவை போய் ரேடியேஷன் எடுக்கறது ஒரு சிட்டிங், கிரேங்கறது ரேடியேஷன் டோஸோட அளவு). நடுவுல வேற வழி இருக்கு. வலி, ரத்தக்கசிவு, முழுங்க முடியாம போறது, புண்ணுல வர்ற நாத்தம், இதையெல்லாம் குறைக்கறதுக்குன்னே சின்ன கோர்ஸ் அஞ்சாறு வகை உண்டு. எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைச்சுடாதீங்க, பேஷன்ட் படற பாடு ஒவ்வொண்ணுலயும் வேற மாதிரி.

குவாட் ஷாட்ல ஆரம்பிக்கறேன். காலைல ஒண்ணு, குறைஞ்சது 6 மணி நேரம் விட்டு சாயங்காலம் ஒண்ணு, இப்படி 2 நாள்ல 4 சிட்டிங் முடிஞ்சிடும். தடவைக்கு 3.5 இல்லன்னா 3.7 கிரே. 3-4 வாரம் கழிச்சு பாத்துட்டு, கட்டி வளராம இருந்து ஆளும் தெம்பா இருந்தா இன்னொரு ரவுண்டு, மொத்தம் 3 ரவுண்டு வரைக்கும் போகலாம். ஆஸ்திரேலியால 30 பேருக்கு இதைக் கொடுத்து 2005ல ரிசல்ட் போட்டாங்க, 16 பேருக்கு கட்டி சுருங்கியிருந்தது, பக்கவிளைவு ரொம்ப கம்மி. உடம்பு தளர்ந்தவங்களுக்கு நான் முதல்ல கேக்கச் சொல்றது இதைத்தான், ஏன்னா ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் "போதும்"னு நிறுத்திக்கலாம், பாதில விட்டோமேங்கற கவலை கிடையாது. கஷ்டம் என்னன்னா அந்த 2 நாளும் முழுசா ஆஸ்பத்திரிலயே போயிடும், முகத்தை இறுக்கிப் பிடிக்கிற மாஸ்க்கை ஒரே நாள்ல ரெண்டு தடவை போட்டுப் படுக்கணும், மூச்சு முட்டறவங்களுக்கு அது சாதாரண விஷயமில்ல.

அதே நாட்டுல 2007ல வந்த இன்னொரு ஆய்வு: 5 சிட்டிங், தடவைக்கு 6 கிரே, வாரத்துக்கு 2 தான். பத்துக்கு எட்டு பேர்ங்கற கணக்குல கட்டி சுருங்குச்சு, ஆனா ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு வாய்ப்புண் கடுமையா வந்தது. 30க்கு 16ங்கறதையும் இந்த பத்துக்கு எட்டையும் பக்கத்துல வச்சு இதுதான் ஜாஸ்தின்னு முடிவு பண்ணக்கூடாது, ரெண்டுலயும் சேந்த பேஷன்ட்டுங்க வேற வேற ஆளுங்க, சின்ன எண்ணிக்கை வேற.

5 நாள்ல 20 கிரேங்கறது ரொம்ப பேருக்குப் பழக்கமான கோர்ஸ். டெல்லி எய்ம்ஸ்ல 505 பேருக்குக் கொடுத்து 2004ல எழுதியிருக்காங்க. அதுல எனக்கு முக்கியமா படறது, சிகிச்சைக்கு கட்டி நல்லா கேட்டவங்களுக்கு அப்புறம் டோஸை கூட்டிக்கிட்டுப் போனாங்க, அதாவது முதல் ஒரு வாரத்தையே கட்டி கேக்குதான்னு பாக்கற சோதனையாவும் வச்சுக்கிட்டாங்க. 10 சிட்டிங் 30 கிரே இதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

தினமும் வர முடியாதவங்களுக்கு 0-7-21ன்னு ஒண்ணு: முதல் நாள், 7ம் நாள், 21ம் நாள், தடவைக்கு 8 கிரே. 3 தடவை வந்தா போதும்ங்கறது பெரிய நிம்மதி. ஆனா ஒரு தடவைக்கு இவ்வளவு டோஸ்னா தண்டுவடத்துக்குப் போகாம கவனமா பிளான் போடணும், நாள்பட வர்ற பாதிப்பும் இதுல கூடுதல், அதனால வருஷக்கணக்குல இருப்பாருன்னு எதிர்பாக்கறவங்களுக்கு யோசிச்சுக் கொடுக்கணும்.

எழுந்து நடமாடறாரு, ஓரளவு சாப்பிடறாரு, பரவல் இல்ல, கழுத்துல மட்டும் பெரிய கட்டின்னா 16 சிட்டிங் 50 கிரேயை யோசிக்கலாம். கட்டி அடங்கி இருக்கற காலம் நீளும். ஆனா இதுல வாய்ப்புண் பாதிக்கு மேல ஆளுங்களுக்குக் கடுமையாவே வருது, மூக்கு வழியாவோ வயித்து வழியாவோ ட்யூப் வைக்க வேண்டி வரலாம். இருக்கறதே சில மாசம்னா அதுல ஒண்ணரை மாசம் வாய்ப்புண்ணோட போகுதேன்னு தோணும். நல்ல தெம்பு இருந்தா ஒழிய நான் இதுக்குப் போகச் சொல்லமாட்டேன்.

ஏற்கனவே அந்த இடத்துல ஒரு தடவை கரண்ட் (ரேடியேஷன்) வச்சவங்கன்னா கணக்கே மாறிடும். கழுத்து ரத்தக்குழாய் வெடிச்சு ரத்தம் போற அபாயம் ரெண்டாம் தடவைல உண்டு, அதை வாய்விட்டே டாக்டர்கிட்ட கேளுங்க. மூச்சுக்குழாயை கட்டி அழுத்துதுன்னா ரேடியேஷன்ல முதல் சில நாள் வீக்கம் கூடலாம், அதனால ஸ்டீராய்டு கொடுப்பாங்க, சிலருக்கு முன்னாடியே கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வைப்பாங்க.

மாத்திரை வழியும் இருக்கு. மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி 2020ல வெளியிட்ட ஆய்வுல, வாராவாரம் மெத்தோட்ரெக்சேட்ங்கற கீமோ மாத்திரை, தினமும் செலெகாக்சிப்ங்கற வலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேர் 7.5 மாசத்துக்கு மேல இருந்தாங்க, சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ ஊசி போட்டவங்கள்ல பாதிப் பேர் 6.1 மாசத்துக்கு மேல. இது ரேடியேஷனோட வச்சுப் பாத்த கணக்கு இல்ல, ஆனா ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அலைய முடியாதவங்களுக்கு நிஜமான மாற்று.

படுக்கையை விட்டே எழ முடியல, சில வாரம்தான்னு தெரியுதுன்னா எந்த கோர்ஸும் வேண்டாம். ரேடியேஷனோட பலன் தெரியவே பெரும்பாலும் 2-3 வாரம் ஆகும், அதுக்குள்ள மாஸ்க், ஆம்புலன்ஸ், காத்திருப்புன்னு அவரைப் படுத்த வேண்டியதில்ல. வலிக்கு அளவு பாத்து மார்ஃபின், நாத்தம் குறைய புண்ணு மேல தூவ மெட்ரோனிடசோல் பவுடர், ராத்திரி கூப்பிட்டாலும் எடுக்கற பாலியேட்டிவ் டீம் (கஷ்டத்தைக் குறைச்சு பாத்துக்கறவங்க) நம்பர், இந்த மூணையும் அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க.