‘மேகங்களுக்கு நடுவே காபி பங்களா’: நாங்கள் போட்ட லிஸ்டிங்கும் பட்ட பாடும்

மலையில் தனி வீடு, வீட்டில் ஒரு நாய், வெளியூர் போயே ஆக வேண்டிய கட்டாயம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குப் போன மே மாதம் சேர்ந்தது.

ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம், நடுவில் பழைய ஓட்டு வீடு. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். கூடவே இரண்டு பூனைகளும் செல்லியும். செல்லி பாதி ராஜபாளையம், மீதிப் பாதி என்னவென்று யாருக்கும் தெரியாது. பதினோரு வயது. வலிப்பு நோய் உண்டு. மகளுக்குக் கோலாலம்பூரில் பிரசவம், பதினெட்டு நாள் போய்வர வேண்டும். சேலத்தில் நாய்களைக் காசு வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் செல்லியைக் கூண்டில் போட்டால் விடிய விடியக் கத்தி, வலிப்பை வரவழைத்துக்கொள்ளும். ஒருமுறை பட்டாயிற்று.

பெங்களூரில் இருக்கிற என் அண்ணன் மகன்தான் வழி சொன்னான். “ஹவுஸ் சிட்டிங்னு ஒண்ணு இருக்கு அத்தை. அவங்க நம்ம வீட்ல வந்து தங்குவாங்க, நாய் பூனையைப் பாத்துக்குவாங்க. நாம சம்பளம் தர வேண்டாம், அவங்க வாடகை தர வேண்டாம்.” வெளிநாடுகளில் நன்றாக ஊன்றிப்போன பழக்கம். இதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் வீட்டுக்காரர்கள், வந்து தங்குகிற சிட்டர்கள் இரண்டு பேருமே தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுவார்கள், தங்களுக்குள் பணம் கைமாறாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. சேர்ந்தோம். எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. கேட்காதீர்கள்.

லிஸ்டிங்கின், அதாவது தளத்தில் போடுகிற வீட்டு அறிவிப்பின், முதல் வரைவை நான்தான் எழுதினேன். “வயதான நாய், வலிப்புக்குக் காலை ஏழு, இரவு ஏழு மாத்திரை. தண்ணீர் நிறையக் குடிக்கும், சில சமயம் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடும். குரங்குத் தொல்லை உண்டு. செல்போன் சிக்னல் வாசல் திண்ணையில்தான் கிடைக்கும்.” அவன் படித்துவிட்டுச் சிரித்தான். “அத்தை, இது ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி இருக்கு. இதைப் பாத்துட்டு எவன் வருவான்?” அவனுக்கு விளம்பர கம்பெனியில் வேலை. அவனே மாற்றி எழுதினான்.

அவன் எழுதியது இது: “கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், மேகங்களுக்கு நடுவே காபி பங்களா. மூன்று படுக்கையறைகள். நண்பர்களோடு பொழுதைக் கழிக்க ஏற்ற விசாலமான முற்றம். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் அருகில். பழகுவதற்கு இனிய ஒரு நாய், இரண்டு பூனைகள்.” பதினான்கு போட்டோ போட்டோம். சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே பனி, முற்றத்தில் பிரம்பு நாற்காலி, பித்தளை டபராவில் காபி. செல்லி எத்தனையாவது போட்டோ தெரியுமா? பன்னிரண்டாவது. அதிலும் முதுகு மட்டும்.

இரண்டு நாளில் பதினேழு பேர் கேட்டிருந்தார்கள். நான் என்னவோ சம்பந்தம் குவிந்த பெண் வீடு மாதிரி பூரித்துப் போனேன். மே மாதத்து ஏற்காட்டுக்கு, அதுவும் கோடை விழா சமயத்தில், ஓசியில் மூன்று படுக்கையறை கிடைக்கிறது என்றால் எழுபது பேர்கூட வருவார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஓர் இளம் ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டிலிருந்தே ஐடி வேலை என்றார்கள். பேச்சு அவ்வளவு பவ்யம், வார்த்தைக்கு வார்த்தை ஆன்ட்டி. ஆறு ரிவ்யூ இருந்தது, ஆறும் ஐந்து நட்சத்திரம். வீடியோ காலுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் “நெட் சரியில்ல ஆன்ட்டி” என்று குரலில் மட்டும் பேசினார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கிறது. கார் எத்தனை நிறுத்தலாம், கீசர் எத்தனை அறையில் இருக்கிறது, கூடுதல் மெத்தை உண்டா. செல்லியைப் பற்றி அவர்களாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாத்திரை விஷயத்தை நானாகத்தான் போனில் சொன்னேன். “நோ ப்ராப்ளம் ஆன்ட்டி.”

அந்த ஆறு ரிவ்யூவையும் எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். ஆறும் மூன்று வாரத்துக்குள் எழுதப்பட்டவை. ஒன்றில்கூட நாயின் பெயரோ பூனையின் பெயரோ இல்லை. பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள் “எங்க டாமி இவங்களோட ஒட்டிக்கிட்டான்” என்று எழுதாமல், “நல்ல மனிதர்கள், சுத்தமானவர்கள்” என்று மட்டுமா எழுதுவார்கள்? எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை பால்காரம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் கால். “அக்கா, வீட்ல ஏதும் விசேஷமுங்களா? நாலு காரு நிக்குது. தினம் பத்து லிட்டர் பால் கேக்கறாங்க.”

சிட்டர்களை அழைத்தால் எடுக்கவில்லை. அஸ்தம்பட்டியில் இருக்கிற என் கொழுந்தனாரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். சீசன் நெரிசலில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி அவர் போய்ச் சேரவே சாயங்காலமாகிவிட்டது. கேட்டைத் திறந்து உள்ளே போனவரைப் பார்த்து, முற்றத்தில் துண்டு கட்டிக்கொண்டு நின்ற ஒருவர், “அண்ணே, வாட்ச்மேனா? பின் ரூம்ல ரெண்டு மணி நேரமா வெந்நீர் வரல, என்னன்னு பாருங்க” என்றாராம்.

அவரிடமே பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்திருக்கிறார். திருப்பூர்க்காரர், குடும்பத்தோடு வந்திருக்கிறார், அறைக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் கட்டியிருக்கிறார். அடுத்த அறையில் ஈரோட்டிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள். எங்கள் படுக்கையறையைத்தான் சிட்டர்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது நாங்கள் ஓசியில் விட்ட வீட்டை, எங்கள் மெத்தை, எங்கள் கேஸ், எங்கள் தண்ணீரோடு, அவர்கள் ஹோம்ஸ்டே ஆக்கி நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எடுத்த அதே பதினான்கு போட்டோவைத்தான் அதற்கும் போட்டிருந்தார்கள். திருப்பூர்க்காரர் செல்போனில் காட்டினாராம். பன்னிரண்டாவதை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

செல்லி விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தேங்காய்த் தொட்டியில் ஒரு வாய்த் தண்ணீர். வலிப்புக்குக் கொடுக்கிற பினோபார்பிட்டால் நாய்க்குத் தாகத்தையும் பசியையும் கூட்டும். தண்ணீர் நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். விருந்தாளிகள் இருக்கிற வீட்டில் நாய் ஈரம் பண்ணுகிறதென்று தண்ணீரைக் குறைத்து, பின்னால் கட்டிவிட்டார்கள்.

மாத்திரைக்காக ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குவோமே, கிழமைக்கு இரண்டு குழி வைத்த பிளாஸ்டிக் டப்பா, அதுதான். மூன்று டப்பா நிரப்பி, பிரிட்ஜ் மேலே வரிசையாக வைத்துவிட்டுப் போனேன். கொழுந்தனார் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். முதல் டப்பாவில் திங்கள், செவ்வாய், புதன் காலி. வியாழன் காலை காலி. வியாழன் இரவிலிருந்து எல்லாக் குழியிலும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அப்படியே இருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஐந்து நாள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்துவதே வலிப்பைக் கிளப்பிவிடும். கிளப்பியும் விட்டது. கொழுந்தனார் சங்கிலியை அவிழ்க்கும்போதே கால்கள் விறைக்க ஆரம்பித்துவிட்டன. காரின் பின் சீட்டில் பெட்ஷீட் போட்டுப் படுக்க வைத்து, சேலத்துக்கு இறக்கினார். இறங்கும் வழியில் இரண்டு முறை வந்ததாம். “ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போர்டு இருக்குமே அண்ணி, அதை எண்ணிக்கிட்டே வந்தேன்” என்றார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டது. இப்போதும் கார் ஹாரன் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மறுநாள் அந்த சிட்டர் பையனே போன் செய்தான். மன்னிப்புக் கேட்பான் என்று எடுத்தேன். “உங்க லிஸ்டிங்லயே இருக்கே ஆன்ட்டி, நண்பர்களோட பொழுதைக் கழிக்க ஏத்த இடம்னு? நாய்க்கு இவ்ளோ பிரச்சனை இருக்குன்னு அதுல எங்கயும் இல்லையே?”

பொய் சொல்கிறான் என்று கத்த வாயெடுத்தேன். வரவில்லை. இரண்டும் எங்கள் லிஸ்டிங்கில் உள்ளபடிதான்.

தளத்துக்கு எழுதினோம். இது உங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு, அவர்கள் கணக்கை முடக்கிவிட்டோம், வருந்துகிறோம் என்று மூன்று வரி வந்தது. உறவில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் முதலில் கேட்டது, “வெளியாள் யாரும் தங்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா?” வாட்ஸ்அப்பை முழுக்கத் துழாவினேன். “வீட்டை உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க” என்று நான் அனுப்பியதுதான் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, மூன்று சிலிண்டர், உடைந்த கீசர் எல்லாம் எங்கள் கணக்கில் போயிற்று.

அவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. லிஸ்டிங்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது. கவர்ச்சியாக எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் யாரைக் கவர? நாங்கள் வீட்டைக் காட்டிக் கூப்பிட்டோம், வீட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் வந்தார்கள். நாயைக் காட்டியிருந்தால் நாய்க்கு ஆசைப்படுகிறவர்கள் வந்திருப்பார்கள்.

நவம்பரில் பேரனைப் பார்க்க மறுபடி போக வேண்டியிருந்தது. இந்த முறை அண்ணன் மகனை ஒதுக்கிவிட்டு, என்னுடைய பழைய ஆஸ்பத்திரி சீட்டையே எடுத்தேன். தலைப்பில் பங்களா, மேகம் எதுவும் கிடையாது. “ஏற்காட்டில் பதினோரு வயது செல்லிக்கும் இரண்டு பூனைகளுக்கும் துணை தேவை.” முதல் போட்டோவில் செல்லியின் முகம், நரைத்த மூக்கோடு. இரண்டாவது, மாத்திரையை வாழைப்பழத் துண்டில் புதைத்து நான் கொடுப்பது. காபித் தோட்டம் கடைசியில்.

குறைகளை எல்லாம் மேலேயே போட்டேன். காபிச் செடிக்குள் போய்வந்தால் உண்ணி ஏறும், தினமும் காதுமடலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். உதிர்ந்த காபிப் பழத்தை நாய் தின்ன விடக் கூடாது, காஃபீன் அதற்கு விஷம். இருட்டிய பிறகு காட்டு மாடு வேலியோரம் வரும், நாயை வெளியே விடக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் செல்லியைத் தனியாக விட முடியாது. உங்கள் இருவரைத் தவிர யாரும் இரவு தங்கக் கூடாது. கேட்டில் கேமரா இருக்கிறது, வீட்டுக்குள் கிடையாது. வீட்டில் ஓடுகிற கேமராவை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

அதற்காக வருகிறவர்களை மிரட்டுவதாகவும் இருக்கக் கூடாது. போன முறை நான் செய்த இன்னொரு கூத்து, எல்லா பீரோவையும் பூட்டிவிட்டுப் போனது. வருகிறவர் மூன்று வாரம் பெட்டியிலிருந்தே துணி எடுத்து உடுத்த வேண்டுமா? இந்த முறை ஒரு அலமாரியை முழுக்கக் காலி செய்து, அதன் போட்டோவையும் போட்டேன். ஜன்னலோரம் மேசை நாற்காலி, கரண்ட் போனால் வைஃபை நிற்காமலிருக்க இன்வெர்ட்டர், வாசலுக்கு வரும் பால், எங்கள் தோட்டத்துக் காபித்தூள், சேலத்திலிருந்து வர எந்த பஸ். கால்நடை மருத்துவரிடம் ஒரு தொகை முன்பணமாகக் கட்டி வைத்திருக்கிறோம், அவசரமென்றால் எங்களைக் கேட்காமலே காட்டலாம் என்பதையும், கொழுந்தனார் இரண்டு நாளுக்கு ஒருமுறை வருவார் என்பதையும் எழுதினேன்.

மூன்றே பேர் கேட்டார்கள். ஒருவர் விமான டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பச் சொன்னார், அத்தோடு விட்டேன். இன்னொன்று பிரான்சிலிருந்து ஒரு ஜோடி, நல்லவர்களாகத்தான் தெரிந்தது. ஆனால் வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை நாம்தான் இணையத்தில் பதிய வேண்டும். ஊரிலேயே இல்லாத நாங்கள் அதையெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று தயங்கினோம்.

மூன்றாமவர் நாமக்கல்லைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. வீடியோ காலில் முகத்தைக் காட்டிப் பேசினார். வீட்டைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், படி எத்தனை என்று, அவருக்கு மூட்டு வலி. அதற்கு முன் அரை மணி நேரமும் செல்லிதான். “மாத்திரை குடுத்து பத்து நிமிஷத்துல வாந்தி எடுத்துட்டா மறுபடி குடுக்கணுமா, அடுத்த வேளை வரைக்கும் விட்டுடணுமா?”

நாலு வருஷமாக மாத்திரை கொடுக்கிறேன், எனக்கே தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். “கேட்டு எழுதி வைங்கம்மா, நான் ஒரு நாள் முன்னாடியே வந்துடறேன்” என்றார்.